33 வோல்ட்டும் என் பழைய டி.வி.யும்

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியைப் பழுது பார்க்கலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா என்று சோமனூரிலிருந்து மைத்துனர் கேட்டார். அதே வகைப் பெட்டியை 18 ஆண்டுகளாக வைத்திருப்பவன் நான். சென்ற வாரம்தான் பழுது பார்த்தேன் என்பதால் பதில் சற்றுச் சூடாகவே இருக்கும்.

படக்குழாய் இன்றும் மங்கவில்லை, ஒலியிலும் குறையில்லை. ஆனால் பிடித்த அலைவரிசையில் அது நிற்காது. ஏ.வி. துளை உடைந்துபோனதால் செட்டாப் பாக்ஸின் கம்பியை ஆன்டெனா துளையிலேயே செருகியிருக்கிறேன். ஆக, அது பிடிக்க வேண்டியது ஒரே ஒரு சேனல், அதைக்கூடப் பிடித்து நிற்காது. போட்டவுடன் தெளிவாக வரும். அரை மணி நேரத்தில் நிறம் வெளுக்கும், பிறகு ஒலியில் இரைச்சல் ஏறும். பைன் டியூனிங்கைத் தட்டினால் திரும்பும், மறுபடி நகரும்.

விசைத்தறி ஓடும் ஊரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதே காரணம் என்று நம்பி, ஸ்டெபிலைசர் வாங்கி ஏமாந்தேன். மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்து, “கரண்டு மேல தப்பில்லீங்க, டியூனருக்குப் போற 33 வோல்ட்டு நிக்க மாட்டீங்குது” என்றார். டியூனர் என்பது சேனலைப் பிடிக்கும் பகுதி.

இவ்வகைப் பெட்டி சேனலின் அதிர்வெண்ணை நினைவில் வைப்பதில்லை; அந்தச் சேனலுக்கு டியூனரிலுள்ள வாரக்டர் டையோடுக்கு (தரும் மின்னழுத்தத்துக்கேற்ப, பிடிக்கும் அதிர்வெண்ணை நகர்த்தும் உறுப்பு) தர வேண்டிய மின்னழுத்தத்தையே வைத்திருக்கிறது. அம்மின்னழுத்தம் 33 வோல்ட்டிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. சூடேறி அது சரிந்தால், டியூனருக்குள் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரின் அதிர்வெண்ணும் இறங்கி, படத்தின் அலை, எந்தச் சேனலானாலும் பெட்டி அதைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய 38.9 மெகாஹெர்ட்ஸில் வந்து உட்காராது, அதிலிருந்து 4.43 தள்ளியிருக்கும் நிறமும் 5.5 தள்ளியிருக்கும் ஒலியும் வடிகட்டியின் விளிம்பில் இருப்பவை என்பதால் முதலில் அடிபடுகின்றன. இதைத் திருத்தவே ஏ.எஃப்.டி. என்னும் தானியங்கி பைன் டியூனிங் இருக்கிறது, ஆனால் சிறு விலகலைத்தான் அது இழுத்துப் பிடிக்கும். அதையும் நான் முழுதாக நம்புவதில்லை: கேபிளில் அனலாக் சேனல்கள் நெருக்கியடித்து வந்த காலத்தில், 1.5 மெகாஹெர்ட்ஸ் கீழே இருந்த பக்கத்துச் சேனலின் ஒலியைப் படமென்று எண்ணி அதில் போய் ஒட்டிக்கொண்டு, திரையெல்லாம் கோடாக்கியிருக்கிறது.

புளியங்கொட்டை அளவுகூட இல்லாத, இரண்டே கால்கள் கொண்ட, அந்த 33 வோல்ட்டை நிலையாக நிறுத்தும் ரெகுலேட்டர் ஒன்றை மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று. ஒரு வாரமாகப் பைன் டியூனிங்கைத் தொடவில்லை. நியாயமாகப் பார்த்தால் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருந்தாலும், குவார்ட்ஸ் படிகத்தோடு ஒப்பிட்டு அதிர்வெண்ணைத் தானே பூட்டிக்கொள்ளும் பி.எல்.எல். டியூனர் வந்த பின்னும், இந்த வோல்ட் கணக்கோடு என் தலையில் கட்டப்பட்ட பெட்டி இது என்ற கோபம் ஆறவில்லை.

எடைக்கே போட்டுவிடச் சொன்னேன் மைத்துனரிடம். போடும் முன் அந்த ரெகுலேட்டரை மட்டும் கழற்றி எனக்குக் கொடுத்தனுப்பவும் சொல்லியிருக்கிறேன்.