ஓதம் ஏறும் வாடகை வீடு: நாமே சரிசெய்து கழிப்பதா, மனு கொடுப்பதா, காலி செய்வதா?

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை பக்கம் பழைய நெசவாளர் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தறி ஓடிய காலத்துக் குழியை மண் கொட்டி மூடி, மேலே சிமெண்ட் பூசி வாடகைக்கு விட்டிருப்பார்கள். ஐப்பசி பிறந்ததும் ஓதம் அங்கிருந்துதான் கிளம்பும். எங்கள் வீட்டில் அது சமையலறைச் சுவர்வரை ஏறி சுவிட்ச் போர்டைத் தொட்டுவிட்டது. டெஸ்டரை வெறும் சுவரில் வைத்தாலே விளக்கு மினுக்கியது. சின்னப் பிள்ளை நடமாடும் வீட்டில் இதைப் பொறுத்துப்போக முடியாது. வீட்டுக்காரரிடம் சொன்னால், “பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும் தம்பி, பாத்து புழங்கிக்கங்க” என்றார்.

சட்டப்படி என்ன செய்யலாம் என்று விசாரித்ததில் நான்கு வழிகள் தேறின: நாமே சரிசெய்து வாடகையில் கழிப்பது, வாடகை அதிகாரியிடம் மனு கொடுப்பது, சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பேசி முடிப்பது, காலி செய்வது. நாங்கள் எடுத்தது முதல் வழி. என் சாய்வும் அதன் பக்கம்தான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்று சிலர் சொல்வார்கள். வீட்டை வெறுமனே வாடகைக்கு விடுவது அங்கே பொதுவாகச் சேவைக் கணக்கில் சேராது. காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையை வாடகைக்குக் குடியிருக்கும் எல்லோரும் ஒருமுறை படித்துவிட வேண்டும். எந்தப் பழுது யார் தலையில் என்று அதில் பிரித்தே போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, சாக்கடை அடைப்பு, ஜன்னல் கண்ணாடி நம் பாடு. சுவிட்ச் நம்முடையது, சுவருக்குள் ஓடும் வயர் அவருடையது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

அவர் பங்கு வேலையை அவர் செய்ய மறுத்தால், நாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ள அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. ஆத்திரத்தில் மொத்த வாடகையையும் நிறுத்திவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், காலி செய்யச் சொல்ல அதுவே அவருக்குக் காரணமாகிவிடும். ஒழுகும் வீட்டைப் பற்றிய சண்டை வாடகை பாக்கிச் சண்டையாக மாறினால் நம் பக்க நியாயம் எடுபடாது.

நாங்கள் செய்தது இது. ஓதம் ஏறிய சுவர், திறந்த சுவிட்ச் போர்டு, சுவரில் டெஸ்டர் எரிவது எல்லாவற்றையும் தேதி விழும்படி படம் எடுத்தோம். எலெக்ட்ரீஷியனிடம் தொகை எழுதி வாங்கினோம். பழுது என்ன, செலவு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் செய்து தர வேண்டும், இல்லாவிட்டால் நாங்களே செய்து மாதம் எவ்வளவு கழிப்போம் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போட்டோம். தேதி தாண்டியதும் வயரை மாற்றி, எர்த் போட்டு, மின்கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கரும் வைத்தோம். மீதி வாடகையை மாதாமாதம் வங்கியில் போட்டு, கூடவே பில்லையும் அனுப்பினோம். வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசாமல் கொஞ்ச நாள் இருந்தார், அவ்வளவுதான். அவர் வாடகையையே வாங்க மறுத்திருந்தாலும் வழி உண்டு: தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

இந்த வழி உங்களுக்கு ஒத்துவருமா என்பதை ஒரே ஒரு கணக்குதான் முடிவு செய்யும். பேப்பரும் பேனாவும் எடுத்து அதைப் போட்டுப் பார்க்காமல் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள். ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி இருக்கிறது? அதைப் பாதி வாடகையால் பெருக்குங்கள். உங்களால் திரும்ப எடுக்க முடிந்த அதிகபட்சத் தொகை அதுதான். வாடகை 8,000 ரூபாய், ஒப்பந்தம் முடிய 7 மாதம் என்றால் 28,000. வயரிங், குழாய் லைன், வெள்ளையடிப்பு பெரும்பாலும் அதற்குள் அடங்கும். காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும் கூரைக்கு 1,20,000 ஆகும் என்கிறார்களா? மாதம் 4,000 வீதம் கழித்தால் 30 மாதம். நம் ஊரில் ஒப்பந்தம் போடுவதே 11 மாதத்துக்கு. அது முடிந்ததும் அவர் புதுப்பிக்க மறுத்தால் மீதிப் பணம் அவர் வீட்டின் கூரையிலேயே நின்றுவிடும். அட்வான்ஸில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்கவும் வேண்டாம், சட்டம் பேசுவது மாத வாடகையில் கழிப்பதைப் பற்றித்தான். எங்கள் வயரிங் இந்தக் கணக்குக்குள் வந்தது, செய்தோம். தறிக்குழியைத் தோண்டித் தரையை மாற்றும் வேலை வரவில்லை, தொடவில்லை.

கணக்குக்குள் அடங்காத வேலைக்கு வாடகை அதிகாரி. துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அவர். அவருக்கு மேலே வாடகை நீதிமன்றம், அதற்கு மேலே வாடகைத் தீர்ப்பாயம். போகுமுன் கையில் இருக்கும் காகிதத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். சேலத்தில் பாதிக்குப் பாதி வாய்ப்பேச்சிலும் பதிவாகாத பத்திரத்திலும் ஓடுகிற குடித்தனங்கள்தான் என் கண்ணில் படுகின்றன. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே காரணம் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு இடம் இருக்கிறது. அந்த நிலையில் ஒழுகலுக்கு மனு கொடுக்கப் போனால் பேச்சு நம்மைக் காலி செய்யும் பக்கம் திரும்பிவிடக்கூடும். முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யக் கேட்டு எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயங்காமல் வாடகை அதிகாரியிடம் ஓடலாம். வீட்டுக்காரர் கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் அது 20-ஆம் பிரிவில் நேரடியாக வரும், இடைக்கால உத்தரவும் கேட்கலாம். பழுது விஷயமாக இந்த வழியில் நான் கடைசிவரை போனதில்லை. எவ்வளவு வேகமாக நடக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

சமரசம் என்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்கு போடுமுன்பே மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. வீட்டு மனுவை வீட்டுப் பெண்கள் பெயரில் கொடுப்பது அதனால் நல்லது. ஆணைக்குழு நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) இரு தரப்பும் கையெழுத்திட்ட முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. ஆனால் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால்தான் எல்லாம், வரவழைத்துச் சம்மதிக்க வைக்க யாராலும் முடியாது. ஒரே தெருவில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு இரண்டாவதாக நான் சொல்வது இதைத்தான்.

காலி செய்வது பற்றி நீட்ட ஒன்றுமில்லை. குடியிருக்கவே லாயக்கில்லாத வீடாகி, எழுத்தில் கேட்டும் சரிசெய்யாவிட்டால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம். கூரை எந்த நேரமும் விழும் என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். சாவி கொடுக்கும் அன்றே வீட்டை வீடியோ எடுத்துவிடுங்கள்.

இந்தச் சட்டம் எட்டாத வீடுகளும் உண்டு. ஏற்காட்டில் காபி எஸ்டேட் லைன் வீடுகள் வேலையோடு சேர்த்துக் கொடுத்தவை. அங்கே சுவர் நனைந்தாலும் கூரை ஒழுகினாலும் கேட்க வேண்டியது தொழிலாளர் துறையிடம், தொழிற்சங்கம் வழியாக.

போக்கியத்துக்கு இருப்பவர்கள் நிலைதான் கடினம். மொத்தமாக சில லட்சம் கொடுத்துவிட்டு மாத வாடகையே இல்லாமல் குடியிருக்கிறவர் எதில் கழிப்பார்? நான் சாயும் வழி அவர்களுக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்து அவர்களுக்கு நடைமுறையில் ஒத்துவருவது சமரசம்தான். இல்லாவிட்டால் போக்கியப் பத்திரம் எழுதும்போதே, கட்டடப் பழுதுக்குச் செலவழித்தால் பில்லோடு போக்கியத் தொகைக்கு மேல் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி போட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிறவர்களும் இரண்டாம் அட்டவணையை அப்படியே பின்னால் இணைத்துவிடலாம். நாங்கள் இந்த முறை இணைத்திருக்கிறோம், தரை வேலையை எந்த மாதத்துக்குள் முடித்துத் தருவார் என்ற தேதியோடு.