பிரிட்டனின் அடமான வட்டி உதவி: நல்லதுதான், ஆனால் கடன்

வேலை போய் வீட்டுத் தவணை கட்டத் தடுமாறுகிறவர்களுக்கு பிரிட்டன் அரசு தருகிற அடமான வட்டி உதவி கைகொடுக்கிற திட்டம்தான், மறுக்கமாட்டேன். ஆனால் 2018 ஏப்ரலுக்கு முன்பு திருப்பித் தரவேண்டாத உதவித்தொகையாக இருந்ததை அப்புறம் கடனாக மாற்றிவிட்டார்கள், அதுவும் வீட்டின் பேரிலேயே ஏறுகிற கடன், வட்டிக்கு வட்டி சேரும். எனக்கு இது சரியாகப் படவில்லை.

யூனிவர்சல் கிரெடிட் (வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு மாதாமாதம் தருகிற உதவித்தொகை) வாங்குகிறவர் என்றால் 3 மாதம் காத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன்பு இது 9 மாதம், அதற்குள் எத்தனை குடும்பம் நொறுங்கியிருக்கும்! பணம் நம் கைக்கு வராது, நேராகக் கடன் கொடுத்தவருக்கே போகும். அதிகபட்சம் 2,00,000 பவுண்டு கடனுக்கான வட்டி மட்டும்தான், அதையும் அரசு வைத்திருக்கிற பொது விகிதத்தில்தான் கணக்குப் போடுவார்கள். உங்கள் வங்கி அதைவிட அதிக வட்டி போட்டால் மிச்சத்தை நீங்கள்தான் கட்டவேண்டும். அசலுக்கோ ஏற்கெனவே விழுந்த பாக்கிக்கோ இதிலிருந்து எதுவும் கிடைக்காது.

ஒரு நல்ல விஷயம், மாதாமாதம் திருப்பிக் கட்டச் சொல்லமாட்டார்கள். வீட்டை விற்கும்போது கழித்துக்கொள்வார்கள், விற்ற பணம் போதவில்லை என்றால் மீதியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

விண்ணப்பிக்கும் முன் வங்கியிடம் பேசிவிடுங்கள். 2023 அடமான சாசனத்தில் (வீட்டுக் கடன்காரர்களுக்கு உதவ அரசோடு வங்கிகள் செய்துகொண்ட உடன்பாடு) சேர்ந்த வங்கி என்றால், தவணை தவறாதவர்கள் 6 மாதம் வட்டி மட்டும் கட்டக் கேட்கலாம்.