ஃப்ரீகேட் 1.0: அளவுரு பிழைபட்டால் எவ்வளவு கைகொடுக்கிறது?

2002இல் தொடங்கிய ஃப்ரீகேட் என்னும் கட்டற்ற கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருள், 1.0 என்ற எண்ணைத் தாங்கி 2024 நவம்பரில் வெளிவந்தது. புதிய தோற்றத்தையும் அசெம்பிளி வசதியையும் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டதால், இங்கே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அளவுரு (வடிவத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண்) ஒன்றை மாற்றியதும் மாடல் உடைந்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டறிய இந்த மென்பொருள் எவ்வளவு உதவுகிறது? அளவுருக்களைக் கொண்டு இயங்கும் பாராமெட்ரிக் கேட் மென்பொருளின் பயனே ஓர் எண்ணை மாற்றி முழு வடிவத்தையும் மாற்றுவதுதான் என்பதால், இதை ஓரமான கேள்வியாக நான் கருதவில்லை.

மின்னணுப் பலகை ஒன்றுக்கான பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஃப்ரீகேட்டுக்குள் உள்ள ஸ்பிரெட்ஷீட்டின் (அட்டவணைத் தாளின்) ஒரு கட்டத்தில் உள்நீளம் 80 மில்லிமீட்டர் என்று அலகுடன் இருக்கிறது. சுவர்த் தடிமன் உள்ள கட்டத்தில் வெறும் 2.4 என்று மட்டும் இருக்கிறது. அந்த 2.4ஐ ஒரு பேடின் (தட்டையான ஸ்கெட்சை உயர்த்தி உருவாக்கும் திண்மத்தின்) உயரத்துக்கு நேரடியாகக் கொடுத்தால், ஃப்ரீகேட் அதை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் வெளிநீளத்தைக் கணக்கிட, உள்நீளத்தோடு இருமடங்கு தடிமனைக் கூட்டச் சொன்னால், அலகுகள் பொருந்தவில்லை என்று மறுக்கிறது. மறுப்பது சரிதான், அலகுள்ள அளவோடு அலகில்லாத எண்ணைக் கூட்ட முடியாது. இருந்தாலும், ஒரே கட்டம் ஓரிடத்தில் செல்லுபடியாகி இன்னோரிடத்தில் செல்லாமல் போவதால், புதிதாகப் பயன்படுத்துபவர் தவறைத் தடிமன் கட்டத்தில் தேடாமல் கூட்டல் சூத்திரத்திலேயே தேடிக்கொண்டிருப்பார். தீர்வு எளிது: எல்லாக் கட்டங்களிலும் அலகைச் சேர்த்தே எழுதுவது, அல்லது சூத்திரத்துக்குள் அந்த எண்ணை 1 மில்லிமீட்டரால் பெருக்கிக்கொள்வது.

கட்டங்களுக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பொறியாளர் கை பழக்கமாக எழுதும் எல்1, டி2 போன்ற பெயர்கள் ஸ்பிரெட்ஷீட்டின் கட்ட முகவரிகளும் ஆவதால் ஏற்கப்படுவதில்லை. உயரத்துக்கு எச் என்றும் தடிமனுக்கு டி என்றும் ஒற்றை எழுத்தை வைக்கவும் இயலாது. அவை மணிக்கும் டன்னுக்கும் உரிய அலகுக் குறிகள். நீளமான, பொருள் விளங்கும் பெயர்களை வைக்கும் பழக்கத்தை மென்பொருளே கட்டாயமாக ஊட்டுகிறது என்று இதை நல்லவிதமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

மிகவும் குழப்புவது சுழற்சிச் சார்பு. பேடின் உயரம் ஸ்பிரெட்ஷீட்டின் ஒரு கட்டத்திலிருந்து வருகிறது. அதே தாளின் வேறொரு கட்டத்தில், அந்தப் பேடின் கன அளவைப் படித்து எடையைக் கணக்கிட விரும்புகிறோம். இரண்டும் வெவ்வேறு கட்டங்கள், கணக்கில் எந்தச் சுழற்சியும் இல்லை. ஆயினும் எது எதைச் சார்ந்துள்ளது என்று காட்டும் சார்பு வரைபடத்தில் முழுத் தாளும் ஒரே பொருளாக இடம்பெறுவதால், தாள் பேடையும் பேட் தாளையும் சார்ந்திருப்பதாகக் கொண்டு ஃப்ரீகேட் தடுத்துவிடுகிறது. உள்ளீடுகளை ஒரு தாளிலும் விளைவுகளை வேறொரு தாளிலும் பிரித்து வைப்பதே இதற்கு நேரான வழி. சூத்திரத்தில் எச்ரெஃப் என்ற கட்டளையைப் பயன்படுத்தி, இந்தச் சார்புநிலையை மறைத்தும் இதைக் கடக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் மறுகணிப்பின் வரிசையை மென்பொருள் நமக்காகக் கவனித்துக்கொள்ளாது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1.0இல் புதிதாக வந்துள்ள வார்செட் என்ற அளவுருத் தொகுப்பு, அலகு, சுழற்சி ஆகிய இரு தொல்லைகளில் ஒன்றை நன்றாகவே தீர்க்கிறது. அதில் ஒவ்வோர் அளவுருவையும் நீளம், கோணம், முழு எண் என வகை குறித்துத்தான் உருவாக்க வேண்டும். ஆகவே அலகில்லாத 2.4 என்ற சிக்கல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் வார்செட்டும் வரைபடத்தில் ஒரே பொருள்தான் என்பதால் சுழற்சிச் சிக்கல் அப்படியே இருக்கிறது. புதிய வேலைகளை வார்செட்டில் தொடங்குவதும், பட்டியலாகப் பல அளவுகள் தேவைப்படும்போது மட்டும் ஸ்பிரெட்ஷீட்டை நாடுவதும் பொருத்தம்.

கண்டறியும் கருவிகளைப் பொறுத்தவரை என் மதிப்பீடு கலவையானது. மரப்பட்டியலில் பழுதான பொருளின்மேல் குறி விழுகிறது, ரிப்போர்ட் வியூ என்ற சாளரத்தில் செய்தி வருகிறது. இரண்டுமே அறிகுறியைக் காட்டுகின்றனவே ஒழிய, எந்த அளவுருவிலிருந்து அது கிளம்பியது என்று சொல்வதில்லை. சார்பு வரைபடம் அதைக் காட்டும், ஆனால் அதற்கு வரைபடம் வரையும் கிராப்விஸ் என்ற தனி மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். மாடல் பெரிதானால் படமும் நூல்கண்டாகச் சிக்கிவிடுகிறது. ஆட்டோடெஸ்க் ஃபியூஷன் (முன்பு ஃபியூஷன் 360) என்ற கேட் மென்பொருளில் பயனர் அளவுருக்களும் மாடலின் அளவுகளும் ஒரே சாளரத்தில் வரிசையாகத் தெரிகின்றன. அந்த ஒரு வசதி இங்கே இருந்திருந்தால் பாதித் தேடல் மிச்சமாகியிருக்கும்.

பெரிய முன்னேற்றம் டோபாலஜிக்கல் நேமிங் (முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் பெயரிடும் முறை) விஷயத்தில்தான். முந்தைய பதிப்புகளில் முகங்களும் விளிம்புகளும் வெறும் வரிசை எண்ணால் அறியப்பட்டதால், துளை ஒன்றைக் கூட்டியதும் எண்கள் மாறி, ஆறாம் முகத்தில் வரைந்த ஸ்கெட்ச் வேறொரு முகத்துக்குத் தாவிவிடும். பார்ப்பதற்கு இது அளவுருக் கோளாறு போலவே தோன்றும். எண்கள் அனைத்தும் சரியாக இருக்கும். 1.0 ஒவ்வோர் உறுப்பும் எந்த வினையிலிருந்து பிறந்தது என்ற குறிப்பைக் காத்து வைப்பதால் இத்தாவல்கள் பெருமளவு குறைந்துள்ளன, முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஸ்கெட்சுகளை மூலத் தளங்களிலோ டேட்டம் தளங்களிலோ (நாமே அமைக்கும் துணைத் தளங்களிலோ) பொருத்துவதும், விளிம்பை உருட்டும் ஃபில்லட், சரிவாக வெட்டும் சேம்ஃபர் ஆகியவற்றைக் கடைசியில் வைப்பதும் இன்னும் தேவைப்படும் ஒழுங்கே. 0.21இல் செய்த கோப்பைத் திறக்கும்போது மறுகணிப்புக்கு அனுமதி கேட்கப்படலாம். சம்மதிப்பதற்கு முன் பழைய கோப்பின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.