பி.டி. மரபணுவைத் தேட பிசிஆரா, லாம்ப்பா?

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற மண் பாக்டீரியாவின் கிரை1ஏசி மரபணுவைச் சேர்த்தாலும் பருத்தி இலை பார்வைக்கு அதே இலைதான். காய்ப்புழு தின்று, அதன் காரத்தன்மையுள்ள குடலுக்குள் போன பிறகுதான் அந்தப் புரதம் வேலையைக் காட்டும். புழு வரும்வரை காத்திருக்க முடியாதென்றால், டிஎன்ஏவில் அந்தத் துண்டை மட்டும் பெருக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பெருக்கும் முறைகள்தான் பிசிஆரும் லாம்ப்பும்.

1983-ல் கேரி மல்லிஸ் யோசித்த பிசிஆரில் சூட்டை ஏற்றி இறக்குவதுதான் வேலை. 95 டிகிரியில் இழைகள் பிரியும், 55-ஐ ஒட்டி, தேடும் இடத்தில் பொருந்தும் பிரைமர் என்ற குட்டி டிஎன்ஏ இழை ஒட்டும், 72-ல் டாக் என்ற நொதி அதை நீட்டிப் புது இழையாக்கும். 30 சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரு துண்டு 107 கோடி ஆகும். அதற்குச் சூட்டைத் தானே ஏற்றி இறக்கும் தெர்மல் சைக்ளர் என்ற கருவி வேண்டும். அப்புறம் ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டி, துண்டுகளை நீளப்படி பிரித்துப் பட்டை பார்க்க வேண்டும்.

ஜப்பானில் உருவாகி 2000-ல் வெளிவந்த லாம்ப்புக்கு 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே சூடு போதும். அதன் பிஎஸ்டி நொதி எதிரே வரும் இழையைத் தானே உரித்துத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விடை வந்துவிடும். இலைச்சாற்றில் மிஞ்சும் மாவுப்பசை, பாலிபீனால் போன்ற கசடுகளுக்கு டாக் சட்டென்று முடங்கிவிடும். பிஎஸ்டி கொஞ்சம் தாங்கும். வயலோரச் சோதனைக்கு என் ஓட்டு லாம்ப்புக்குத்தான்.

ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. பெருகி வரும் டிஎன்ஏ அவ்வளவு அதிகம் என்பதால், முடிந்த குழாயை ஒரு தடவை திறந்தால் போதும், காற்றில் பறக்கும் நுண்துளி அடுத்த நாள் சோதனைகளையும் கெடுக்கும். தண்ணீர் மட்டும் ஊற்றிய குழாயும் 'இருக்கிறது' என்று சொல்ல ஆரம்பிக்கும். அதனால் சாயத்தை முன்பே கலந்து மூடிவிடுவது நல்லது. ஹைட்ராக்சி நாப்தால் புளூ என்றால், வினை நடக்கும்போது மக்னீசியம் குறைந்து, ஊதா வான்நீலமாகும். மூடியைத் தொடவே வேண்டாம்.

பிரைமர் வடிவமைப்பிலும் லாம்ப் படுத்தும். பிசிஆருக்கு இரண்டு போதும். இதற்குக் குறைந்தது நான்கு, அவை ஆறு இடங்களில் பொருந்த வேண்டும். கிடைப்பதும் பல நீளத் துண்டுகளின் ஏணி. துண்டை வேறொரு டிஎன்ஏவில் ஒட்டிப் படியெடுக்கும் குளோனிங்குக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதிய செடியை உருவாக்கும் ஆய்வகத்துக்கு ஒற்றைப் பட்டை தரும் பிசிஆர்தான் சரி. விதைக் குவியலில் பி.டி. விதை எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கும், பெருகப் பெருகவே அளந்து சொல்லும் நிகழ்நேர பிசிஆர்தான்.

எந்த முறையானாலும், எதைத் தேடுகிறோம் என்பதில் சறுக்கலாம். சேர்த்த மரபணுவை வேலை செய்ய வைக்கும், பலரும் தேடும் 35எஸ் ஊக்கி என்ற டிஎன்ஏ துண்டு காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து வந்தது. அந்த வைரஸ் தாக்கிய முட்டைக்கோஸ், மரபணு மாற்றாமலே 'ஆம்' என்று சொல்லும். சேர்த்த மரபணுவும் செடியின் சொந்த டிஎன்ஏவும் சந்திக்கும் எல்லைக்குப் பிரைமர் வைத்தால் இந்தக் குழப்பம் வராது.