கீறல் எங்கே என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

நாகர்கோவிலில் ஓர் அழகுச் சிகிச்சை நிலையத்தில் மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். ஏன் செய்தாய் என்று கேட்பவர்களுக்கான பதிவல்ல இது. தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு இரகசியமாக விசாரிக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

சிலிக்கோன் பையை உள்ளே வைக்க மார்பின் அடிமடிப்பில் கீறுவார்கள். அல்லது காம்பைச் சுற்றிய கருவளையத்தின் ஓரத்தில், இல்லையென்றால் அக்குளில். தொப்புள் வழியும் உண்டு, ஆனால் உள்ளே போனபின் உப்புநீர் நிரப்பும் பைக்குத்தான் அது ஒத்துவரும். எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும். கருவளையத்தில் கீறினால் பால் நாளங்கள் அறுபட வாய்ப்பு அதிகம். நாளங்களில் இருக்கும் கிருமி பையில் ஒட்டினால், பையைச் சுற்றி வளரும் சவ்வு பின்னால் இறுகும் அபாயமும் கூடும். அதனால் அடிமடிப்புதான் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னேன். மருத்துவரும் சரி என்று தலையாட்டினார்.

ஒப்புதல் படிவம் வந்தது அறுவை அன்று காலை, உடை மாற்றிய பிறகு. முழுக்க ஆங்கிலம். கீறல் இடத்தைக் குறிக்கும் கட்டம் காலி. கேட்டதற்கு, "மக்களே, அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும், கையெழுத்தைப் போடு" என்று பேனாவை நீட்டியபடியே நின்றார் செவிலியர். ஸ்ட்ரெச்சரில் உட்கார வைத்துவிட்டு ஒரு பெண்ணிடம் வாங்குவதற்குப் பெயர் ஒப்புதலாம்!

கட்டுப் பிரித்தபோது இரண்டு கருவளையங்களின் கீழ் ஓரத்திலும் பிறை வடிவில் தையல். "அங்கே போட்டால் தழும்பு தெரியாது, உங்கள் நன்மைக்குத்தான்" என்றார் மருத்துவர். தழும்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

பிறகு இடப்பக்கம் இறுகத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். எந்த நிறுவனத்தின் பை, வழுவழுப்பா சொரசொரப்பா என்றுதான் முதலில் கேட்டார். அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையது என்பதால் 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதனால் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு பையோடும் வரிசை எண், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதை ஒட்டிய அட்டையை நோயாளியிடம் தர வேண்டும். எனக்குத் தரவில்லை. கேட்கும்போதெல்லாம் ஸ்டோர் பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. வாயால் கேட்டுப் பயனில்லை என்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கேட்டேன். உடனே வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கரின் படம் வந்தது. தொகுதி எண் இருக்க வேண்டிய இடத்தில் யாருடையதோ கட்டைவிரல்.

அசல் கோப்பையும் இழப்பீட்டையும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கிறேன். அட்டை கிடைக்காத மற்றவர்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், பெயர் வெளியே வராது.