எபோனைட்டா, அக்ரிலிக்கா? மட்டக்களப்பு கல்லடிப் பட்டறையில் கடைந்த இரண்டு பேனைகள்

"என்ன மனே, டயரயா கடையிறாய்?"

எபோனைட் தடியில் உளி பட்டதும் பட்டறை மாமா கேட்டது இது. மோட்டார் சைக்கிள் புஷ் கடையும் லேத்தில் ஓய்வு நேரத்தில் மைப்பேனை கடைய எனக்கும் இடம் தருபவர். அவர் கேட்டதில் தப்பில்லை. எபோனைட்டும் றப்பர்தான்; நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேலேயே கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர். சூடேறினால் மணக்கும். அன்றிரவு சட்டையைத் தனியாக ஊறப்போட வேண்டியதாயிற்று.

கடைவதற்கு எபோனைட்தான் சுகம். உளியிலிருந்து கறுப்பு நாடாவாக உரிந்து வரும். உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பது ஒன்றுதான் குறை. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் அப்படியில்லை. கொஞ்சம் அவசரப்பட்டால் விளிம்பு தெறிக்கும். துளைக்கும்போது பிட்டை அடிக்கடி வெளியே இழுத்துச் சீவலைத் தட்டாவிட்டால், உள்ளே உருகிப் பிட்டையே கவ்விக்கொள்ளும். என் முதல் நீல மூடி அப்படித்தான் போனது.

மூடியின் மரையில் வித்தியாசம் இன்னும் தெளிவு. 13 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. இடைவெளி, மூன்று தொடக்கம் கொண்ட, அதாவது மூன்று இழைகள் பக்கம் பக்கமாகச் சுற்றும், மரை வெட்டுகிறேன். ஒரு சுற்றுக்கு மூடி 2.4 மி.மீ. நகரும், ஒன்றரைச் சுற்றில் கழன்றுவிடும். இதற்கு முதலில் 12.2 மி.மீ. துளை போட வேண்டும். எபோனைட்டில் மரை வெட்டும் டப்பை மெல்லத் திருப்பினால் மரை சுத்தமாக விழும். அக்ரிலிக்கில் முதல் மரையின் நுனி உடைவதற்கே காத்திருக்கும்.

உடம்புக்குள் நேரே மை ஊற்றும் பேனைக்கு எபோனைட்தான் நல்லது, கைச்சூடு மைக்கு ஏறாது என்று பலர் சொல்வார்கள். நான் இதை ஏற்கவில்லை. வெப்பம் கடத்துவதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மை பாதியாகக் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து மையைத் தள்ளும். சுவரைத் தடிப்பாக விட்டால் எதிலும் கொஞ்சம் அடங்கும். நிப்புக்கு அடியில் மை இழுக்கும் நாக்கு வேறு கதை. அங்கே எபோனைட்டை வெல்ல ஒன்றுமில்லை. மை அதில் நன்றாகப் பற்றும். நிப்போடு ஒட்டாமல் நின்றால் கொதிநீரில் சற்றே காட்டி அழுத்திப் பொருத்தலாம்.

மரம் பற்றியும் கேட்பார்கள். எபோனைட் என்ற பெயரே எபோனி, அதாவது நம் கருங்காலியின் கறுப்பைப் பார்த்து வைத்ததுதான். உடைந்த பழைய கதிரைக்கால் ஒன்றில் கடைந்து பார்த்தேன். அழகுதான், ஆனால் உள்ளே ஒரு குழாய் வைக்காமல் மை ஊற்ற முடியாது. அதோடு விட்டுவிட்டேன்.

எபோனைட்டின் பெரிய பலவீனம் வெயிலும் ஈரமும். இரண்டும் சேர்ந்தால் கறுப்பு மங்கி ஒலிவ் பச்சையும் பழுப்புமாக மாறும். வாவிக்காற்றில் இருக்கும் நமக்கு இது சின்ன விசயமில்லை. 2000 இலக்க சாண்ட் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து மீட்கலாம், ஆனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அக்ரிலிக் கண்ணாடிபோல அப்படியே கிடக்கும்.

என் சட்டைப்பையில் இருப்பது எபோனைட் பேனை. கையில் வழுக்காது. மாமாவுக்கு மட்டும் நீல அக்ரிலிக்தான் கடையப் போகிறேன், நாக்கு எபோனைட்டில். அவர் பில் எழுதும் மேசையில் காலை வெயில் பத்து மணிவரை நேரே விழுகிறது.