கிளைபோசேட்டா, குளுஃபோசினேட்டா?

புல், அகன்ற இலைக் களை என்று இந்த இரண்டு களைக்கொல்லிகளுமே பார்ப்பதில்லை. பச்சையாக எது இருந்தாலும் கொல்லும்; பயிர் மேல் பட்டால் பயிரும் போச்சு. வேறுபாடு வேரில்தான்.

கிளைபோசேட் இலை வழியே நுழைந்து கிழங்குவரை இறங்கும். கோரை, அருகு போன்ற பிடிவாதக் களைகளுக்கு என் தேர்வு இதுதான். ஆனால் மெதுவானது. களை மஞ்சளாகிக் காய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மருந்து பிடிக்கவில்லை என்று அதற்குள் உழுதுவிட்டால் வேர் தப்பிவிடும். கலங்கல் தண்ணீரில் கலக்கவே கூடாது. மண் துகளில் ஒட்டிக்கொண்டு வீரியம் இழந்துவிடும். கடின நீரும் அப்படித்தான் கெடுக்கும்.

குளுஃபோசினேட் பெரும்பாலும் பட்ட இடத்தை மட்டும் கருக்கும். செடிக்குள் அம்மோனியா தேங்கி, சில நாட்களிலேயே பலன் தெரியும். நல்ல வெயில் வேண்டும், இலை முழுக்க நனைய வேண்டும். இளங்களைக்குச் சரி, கோரை மறுபடி துளிர்க்கும். கிளைபோசேட்டுக்கு அடங்காத களைகள் பெருகிய வயலில் இதற்கு மதிப்பு அதிகம்.

பாதுகாப்பில் இரண்டுக்கும் நற்சான்று கிடையாது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் சேர்த்தது. பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. குளுஃபோசினேட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-ல் அனுமதி முடிந்தது. இனப்பெருக்கத்துக்குக் கேடு என்ற வகைப்பாடு அதற்கு உண்டு. எதை அடித்தாலும் கையுறை, முகக்கவசம் இல்லாமல் இறங்காதீர்கள்.